தையலுக்கு அரை இன்ச்

டெய்லரம்மாவுக்கு அந்தத் தெரு வைத்திருந்த பெயர் 'நாளைக்கு'. அவள் காதுபடச் சொல்ல மாட்டார்கள். ஆனால் காது என்ன, கதவு வைத்தா இருக்கிறது? "துணிய நாளைக்குகிட்ட குடுத்திருக்கேன், அடுத்த மாசம் வந்துரும்" என்று பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொன்னதை, பின்னால் நின்றுகொண்டு அவளே கேட்டிருக்கிறாள். கோபம்கூட வரவில்லை. அடுத்த மாதம் என்று அந்தப் பெண் சொன்ன கணக்கு சரியாகத்தான் இருந்தது.

சோம்பேறி என்று அவளைச் சொன்னால் சொன்னவர் நாக்கு அழுகிவிடும். காலை ஒன்பது மணிக்கு மிஷினில் உட்கார்ந்தால் இடுப்பு கெஞ்சும்வரை எழுந்திருக்க மாட்டாள். அவளுடைய வியாதி வேறு. முதலாவது, யார் துணியைக் கொண்டுவந்து நீட்டினாலும் முடியாது என்று சொல்ல வாய் வராது. இரண்டாவது, தைத்து முடித்ததைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். தோளில் ஒரு நூல் அளவு இறங்கியிருந்தால் போதும், பிளேடை எடுத்துப் பிரித்துவிடுவாள். வாசலில் ஆள் காத்திருப்பார். அவரைப் பார்த்து மிகவும் மரியாதையாக, "நாளைக்கு வாங்க" என்பாள்.

இதில் அதிகம் அடிபட்டவர் யார் என்றால் அவள் கணவர்தான். அவர் கப்பலில் சமையல்காரர். எட்டு மாதம் கடலில், இரண்டு மாதம் வீட்டில், இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். ஒவ்வொரு முறை வரும்போதும், "நீங்க வர்ற அன்னிக்குப் புதுச் சட்டை ரெடியா இருக்கும்" என்று போனில் சொல்வாள். இருந்ததே இல்லை. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போன மறுவாரம் சட்டை தயாராகும். அடுத்த முறை வந்து போட்டுப் பார்த்தால் பட்டன் எட்டாது. எட்டு மாதம் நாற்பது பேருக்குச் சமைத்து, ஒவ்வொரு பாத்திரத்திலும் ருசி பார்க்கிறவருக்கு வயிறு இருந்த இடத்திலேயே இருக்குமா? "இது என் போன வருஷத்து வயித்துக்குத் தைச்சதும்மா" என்று சிரித்துக்கொண்டே கழற்றி வைப்பார். அப்படிக் கழற்றி வைத்த சட்டைகள் பீரோவில் ஒரு தட்டு நிறைய இருந்தன. அந்தத் தட்டை அவள் அவசியம் இல்லாமல் திறப்பதில்லை.

போன மாதம் அவர் போன் செய்தார். "இதோட போதும்மா. கையெழுத்துப் போட்டுட்டு இறங்கிடறேன். இனிமே கரைதான். இருபதாம் தேதி, வியாழக்கிழமை காலைல பதினோரு மணிக்கு வீட்ல இருப்பேன்."

டெய்லரம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அப்படிப்பட்ட நேரத்தில் அவள் வாய் தானாக வாக்குக் கொடுத்துவிடும். "நீங்க வர்ற அன்னிக்கு அடுப்படி புதுசா இருக்கும், பாருங்க."

அடுப்படி அவருடையது. வீட்டில் இருக்கும் இரண்டு மாதமும் அவர்தான் சமைப்பார். அவளுக்கு அங்கே தட்டு கழுவும் உத்தியோகம் மட்டும்தான். அலமாரிக் கதவுகளைப் பற்றி அவருக்கு நிரந்தரமான ஒரு குறை உண்டு. கீழே தண்ணீர் குடித்து உப்பிப்போய், மேல்தாள் உரிந்து, எதுவும் சட்டத்துக்குள் சரியாக உட்காராது. "அலையில கப்பல் ஆடுற ஆட்டத்துக்குக்கூட அங்க ஒரு கதவு திறக்காது. இங்க நான் தும்மினா நாலு கதவு திறக்குது" என்பார்.

புது அடுப்படி என்று அவள் சொன்னதும் அவர், "சரிம்மா" என்றார். கோபமில்லை, கிண்டலும் இல்லை. கடை வாசலில் நான்காவது தடவையாக வந்து நின்று, முடியவில்லை என்று தெரிந்துகொண்டு திரும்பிப் போகிறவர்கள் சொல்வார்களே, அதே 'சரிம்மா'. அது அவளைச் சுருக்கென்று தைத்தது. இது அவருடைய கடைசி வருகை. இதற்கும் ஒன்றும் தயாராக இல்லையென்றால், பிறகு எந்த வருகைக்குத் தயாராக இருக்கப் போகிறது?

கார்பென்டரை அழைத்துக் காட்டினாள். அவர் கதவுகளைத் தட்டினார், உள்ளே தலையை விட்டார், வெளியே எடுத்தார். "பெட்டியெல்லாம் கல்லு மாதிரி இருக்கும்மா. கதவுதான் போச்சு. ஆனா மொத்தமா உடைச்சுட்டுப் புதுசாப் பண்ணிருங்க. ஒரு மாசம் ஆகும்."

அவர் போன பிறகு டெய்லரம்மா அலமாரிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து யோசித்தாள். பெட்டி நன்றாக இருக்கிறது, கதவு மட்டும் போய்விட்டது. சட்டை நன்றாக இருந்து காலர் மட்டும் நைந்துபோனால் யாராவது சட்டையை எரிப்பார்களா? காலரைப் பிரித்து வேறு காலர் வைப்பார்கள். அது அவள் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. "இது காலர் மாத்தற வேலைதான்" என்று எழுந்துவிட்டாள்.

பக்கத்துத் தெருவில் இருக்கும் நாத்தனார் செய்தி கேட்டு ஓடிவந்தாள். அவள் அண்ணன்மேல் உயிரையே வைத்திருக்கிறவள். அண்ணியின்மேலும் பிரியம்தான், ஆனால் கிண்டல் செய்யாமல் அதைக் காட்டத் தெரியாது.

"அண்ணி, எந்த வருஷத்து இருபதாம் தேதின்னு அண்ணன்கிட்டத் தெளிவாச் சொல்லிட்டீங்களா?"

"ஸ்க்ரூவைப் பிடி. பேச்சைக் குறை."

ஒன்பது கதவுகள். ஐந்து ஒற்றைக் கதவு. தொட்டிக்குக் கீழே ஒரு ஜோடி, மேலே தட்டு வைக்கும் அலமாரிக்கு ஒரு ஜோடி. கழற்றுவதற்கு முன் ஒவ்வொன்றின் பின்னாலும் துணியில் கோடு போடும் சாக்கட்டியால் நம்பர் போட்டாள். உப்புத்தாளால் சட்டத்தைத் தேய்த்து வழவழப்பாக்கினாள். மஞ்சள் மைக்கா மேல்தாளை நாடா நாடாக வெட்டிச் சட்டத்தின் மேல் ஒட்டினாள். நீலம் நன்றாக இருக்குமே என்று நாத்தனார் சொல்லிப் பார்த்தாள். "இருபத்திரண்டு வருஷமா அதையேதானே பார்த்துட்டு இருந்தார், பாவம்" என்றாள் டெய்லரம்மா. நாத்தனார் அடுத்த மஞ்சள் நாடாவை எடுத்துக் கொடுத்தாள்.

அடுத்தது அளவு. கழுத்தில் தொங்கிய இன்ச் டேப்பை எடுத்தாள். கடையில் ஆர்டர் எழுதும் அதே நோட்டில், அதே பென்சிலால், கதவு கதவாக நீளம் அகலம் எழுதினாள். முப்பது வருஷமாக யார் யாருக்கோ மார்பும் இடுப்பும் எடுத்த கை. டேப்பைப் பிடித்தால் அதற்கு மூளையின் உதவி தேவையில்லை. தாளைக் கிழித்து பிளைவுட் கடைக்காரரிடம் கொடுத்தாள்.

பிளைவுட் கடைக்காரரின் பேன்ட் துணி ஒன்று அவள் கடையில் இரண்டு மாதமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைக் கேட்கவில்லை. சீட்டில் எழுதியிருந்த அளவுக்கு மஞ்சள் மைக்கா ஒட்டிய பலகையை மிஷினில் வெட்டி, மறுநாளே வண்டியில் ஏற்றி அனுப்பினார். மனிதர் அப்படி நேரத்துக்கு அனுப்பியதில் அவளுக்குக் கொஞ்சம் உறுத்தல்தான்.

பலகையின் வெட்டிய ஓரங்களில் பட்டி ஒட்ட வேண்டும். பட்டி பின்பக்கம் பசையோடே வரும். இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டினால் ஒட்டிக்கொள்ளும் என்றார் கடைக்காரர். இதைக் கேட்டதும் டெய்லரம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. மர வேலையில் இஸ்திரி போடும் இடம் ஒன்று உண்டு என்று அவளுக்கு இத்தனை நாள் யாரும் சொல்லவில்லை. ஒன்பது கதவு, கதவுக்கு நான்கு ஓரம், முப்பத்தாறு ஓரமும் மூன்று நாளில் முடிந்தன. ஒட்டிய இடம் கண்ணுக்கே தெரியாது. நாத்தனார் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அண்ணி, நிஜமாவே நல்லா இருக்கு" என்றாள். அவள் வாயிலிருந்து இப்படி வந்தது டெய்லரம்மாவுக்கு ஒரு மெடல் வாங்கிய மாதிரி இருந்தது.

இருபதாம் தேதிக்கு இன்னும் ஏழு நாள். முதல் கதவைத் தூக்கிச் சட்டத்துக்குள் வைத்தார்கள். போகவில்லை. திருப்பி வைத்தார்கள். போகவில்லை. நம்பர் மாறியிருக்கும் என்று இரண்டாவதை எடுத்தார்கள். அதுவும் வெளியிலேயே நின்றது. ஒன்பதும் ஒன்றுபோலப் பெரிசு. நீளத்தில் ஒரு இன்ச், அகலத்தில் ஒரு இன்ச்.

டெய்லரம்மா நோட்டைப் புரட்டினாள். கிழித்த தாளுக்கு அடியில் பதிந்திருந்த பென்சில் தடத்தையும் பழைய கதவையும் மாறி மாறிப் பார்த்தாள். நாத்தனார் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"அண்ணி, கதவுக்கும் தையலுக்கு விட்டீங்களா?"

அதுதான் நடந்திருந்தது. எந்தத் துணியை அளந்தாலும் நான்கு பக்கமும் தையலுக்கு அரை இன்ச் சேர்த்து எழுதுகிற கை. துணியில் அந்த அரை இன்ச் மடிந்து உள்ளே போய்விடும். பலகை எங்கே மடியும்?

"சிரிக்காதே" என்றாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாத்தனார் வீட்டுக்குப் போன பிறகு, அந்தக் கதவுகளுக்கு நடுவில் உட்கார்ந்து கொஞ்சம் அழவும் செய்தாள்.

பிளைவுட் கடையில் வெட்டும் மிஷினின் மோட்டார் எரிந்துபோயிருந்தது. "ரிப்பேருக்குப் போயிருக்கும்மா. நாளைக்கு வாங்க" என்றார் கடைக்காரர். மறுநாள் போனாள். "இன்னும் வரல. நாளைக்கு வாங்க." மூன்றாம் நாளும் அதே பாட்டு. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று அந்த வார்த்தையைக் கேட்டால் எப்படி இருக்கும் என்று டெய்லரம்மாவுக்கு அன்றுதான் தெரிந்தது. வெறுங்கையோடு திரும்பி நடப்பது கொஞ்சமும் நன்றாக இல்லை. நேராகத் தன் கடைக்குப் போனாள், அவருடைய பேன்ட் துணியைத் தேடி எடுத்தாள், ஒரே உட்காரலில் தைத்து முடித்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று கை பரபரத்தது. கையை அடக்கி, மடித்துப் பையில் வைத்தாள்.

அப்போதுதான் கொடியில் தொங்கிய சட்டை கண்ணில் பட்டது. எட்டு மாதத்துக்கு முன்னால் கணவருக்காக வெட்டியது. எல்லாம் தைத்தாயிற்று, பட்டன் மட்டும்தான் பாக்கி. இந்தத் தடவை மறுவாரம்கூட முடிக்கவில்லை, அவர் கிளம்பிப் போன அன்று நின்ற இடத்திலேயே நின்றிருந்தது. அதன் முன்பக்கத்தை விரலால் சேர்த்துப் பிடித்தாள். ஒரு பட்டி இன்னொன்றின் மேல் ஏறி உட்கார்ந்தது.

சட்டையின் முன்பக்கம் ஒன்றுக்குள் ஒன்று நுழைவதில்லை. ஒன்றின் மேல் ஒன்று உட்காருகிறது. கதவு மட்டும் ஏன் சட்டத்துக்குள் நுழைய வேண்டும்? மேலே உட்கார்ந்தால் யார் வேண்டாம் என்பார்கள்?

பேன்ட்டையும் எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக பிளைவுட் கடைக்குப் போனாள். கடைக்காரர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, நாற்காலியிலிருந்து எழுந்தே நின்றுவிட்டார். அவள் கேட்டதைக் கேட்டதும், "அட, கதவு மேல தாராளமா உட்காரும்மா. அதுக்குன்னே தனிக் கீல் இருக்கு. சட்டத்து மேல ஏறி நிக்கும்" என்று ஒரு டப்பாவை எடுத்து வைத்தார். "எவ்வளவு ஏத்தணும்?"

"அரை இன்ச்" என்றாள் டெய்லரம்மா. அந்த வார்த்தையை அவள் இவ்வளவு கம்பீரமாகச் சொன்னதே இல்லை.

கடையில் 'வியாழன் வரை விடுமுறை' என்று அட்டை எழுதித் தொங்கவிட்டாள். ஐந்து ஒற்றைக் கதவுகளும் அளவெடுத்துத் தைத்தது போலச் சட்டத்தின் மேல் உட்கார்ந்தன. ஜோடிக் கதவுகளில்தான் சிக்கல். வெளி ஓரம் சரி. நடுவில் இரண்டும் ஒன்றையொன்று இடித்தன. அந்த நான்கு கதவுகளிலும் நடு ஓரத்தில் அரை அரை இன்ச் குறைத்தே தீர வேண்டும். மைக்கா பெயராமல் இருக்கக் கோட்டின் மேல் டேப் ஒட்டி, மெல்லிய பல் ரம்பத்தால் அறுத்தாள். ஒரு ஓரத்துக்கு ஒன்றரை மணி நேரம். தோள்பட்டை கழன்று கையோடு வந்துவிடும் போலிருந்தது. அறுத்த ஓரத்துக்குப் புதுப் பட்டி, மறுபடியும் இஸ்திரி.

புதன்கிழமை பிற்பகல் எட்டுக் கதவுகள் நின்றிருந்தன. தொட்டிக்குக் கீழே வலது கதவு ஒன்றுதான் பாக்கி. அதற்கு ஓரம் தேய்க்க வேண்டும், பட்டி ஒட்ட வேண்டும், கீல் மாட்ட வேண்டும், ஒன்பதுக்கும் கைப்பிடி வைக்க வேண்டும். நாளைக் காலை பதினோரு மணிவரை நேரம் இருக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் கணக்கு ஒத்துப்போனது.

அப்போது வாசல் மணி அடித்தது.

கதவைத் திறந்தால் கணவர் நிற்கிறார். தோளில் பெரிய பை. கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர்.

"தங்கச்சி போன் பண்ணா. ஒம்போது கதவும் பெரிசாப் போச்சு, அண்ணி கையப் பிசையறாங்கன்னு சொன்னா. அதான் ஒரு நாள் முன்னாடியே வந்துட்டேன், கூட நின்னு முடிச்சிரலாம்னு."

டெய்லரம்மா அவரைப் பார்த்தாள். எட்டு மாதம் கழித்துப் பார்க்கிறாள். கொஞ்சம் கறுத்திருந்தார், கொஞ்சம் பருத்திருந்தார். ஓடிப்போய்ப் பையை வாங்க வேண்டும் என்றுதான் மனசு அடித்துக்கொண்டது. ஆனால் தலையெல்லாம் மரத்தூள், விரலெல்லாம் பசை, உள்ளே ஒரு கதவு தரையில் கிடக்கிறது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவை தேதி தவறாமல் முடிக்கப் போகிறாள், அதையும் இந்த மனிதர் கெடுக்க வந்திருக்கிறார். வாசற்படியின் குறுக்கே கையை வைத்தாள்.

"நாளைக்கு வாங்க" என்றாள்.

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். கழுத்தில் தொங்கிய டேப்பையும், பின்னாலிருந்து எட்டிப் பார்த்த மஞ்சளையும் பார்த்தார். முகத்தில் மெதுவாகச் சிரிப்பு பரவியது.

"ரசீது ஏதாவது குடுப்பியா?"

அவள் கடைச் சாவியை எடுத்து அவர் கையில் வைத்தாள். "கட்டிங் மேஜை அகலமாத்தான் இருக்கும். கத்திரிக்கோலை மட்டும் எடுத்து ஓரமா வச்சுட்டுப் படுங்க."

"கப்பல்ல என் படுக்கை அதுல பாதிதான்" என்று சொல்லிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரை அவளிடம் கொடுத்து, பையை மறுபடியும் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கினார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் கூப்பிட்டுவிடுவாள் என்று அவருக்குத் தெரியும்.

செய்தி தெரிந்து நாத்தனார் போனில் கத்தினாள். "எட்டு மாசம் கழிச்சு வந்தவரை வாசல்லயே நிறுத்தித் திருப்பி அனுப்பினீங்களா அண்ணி?"

"நீ போன் பண்ணாம இருந்திருந்தா அவர் நாளைக்குத்தானே வந்திருப்பார்? ராத்திரிச் சாப்பாடு நீ கொண்டுபோய்க் குடு" என்று டெய்லரம்மா போனை வைத்தாள்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு, ஒரு நிமிஷம் முன்னுமில்லை பின்னுமில்லை, வாசல் மணி அடித்தது. டெய்லரம்மா தலைவாரி, முகம் கழுவி, பதினைந்து நிமிஷமாகச் சும்மா உட்கார்ந்திருந்தாள். சும்மா உட்கார்ந்து ஒருவருக்காகக் காத்திருப்பது அவளுக்குப் புது அனுபவம்.

இப்போதுதான் துறைமுகத்திலிருந்து வருகிற மாதிரி அவர் பையோடு நின்றார். உடம்பில் அந்தச் சட்டை. கொடியில் எட்டு மாதம் தொங்கியதற்கு அவரே பட்டன் தைத்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கறுப்பு நூல். கப்பலில் எல்லாரும் பட்டன் மட்டும் தைக்கக் கற்றுக்கொள்வார்களாம். வயிற்றுப் பக்கம் இரண்டு பட்டன்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தன.

"நானும் சொன்ன தேதிக்கு ரெடி" என்றார்.

நேராக அடுப்படிக்குள் போனார். ஒவ்வொரு கதவாகத் திறந்தார், மூடினார். மூடும்போது வரும் சின்னச் சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்டார். தொட்டிக்குக் கீழே குனிந்து வலது கதவின் ஓரத்தை விரலால் தடவினார். பிறகு நடுவில் வந்து நின்று, வேண்டுமென்றே பலமாக ஒரு தும்மல் போட்டார்.

ஒன்பது கதவும் இருந்த இடத்தில் இருந்தன.

"கப்பல்ல பண்ணின மாதிரி இருக்கும்மா" என்றார். அவருடைய வாயில் அதற்குமேல் பாராட்டு கிடையாது. டெய்லரம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு வேலையைச் சொன்ன நாளில் முடித்தால் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று தெரிந்திருந்தால் முப்பது வருஷத்துக்கு முன்னாலேயே முடித்திருப்பாளே என்று தோன்றியது.

கண்ணீரை மறைக்க அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, பக்கத் தையலை உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். "இறுக்கிப் பிடிக்குது பாருங்க. தையலுக்குத் தாராளமா விட்டிருக்கேன். பிரிச்சுத் தைச்சா ரெண்டு பக்கமும் அரை அரை இன்ச் கிடைக்கும்."

"எப்பக் கிடைக்கும்?"

பழகின வாய். யோசிப்பதற்குள் வந்துவிட்டது. "நாளைக்கு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் சிரித்தார். மேல் அலமாரியைத் திறந்து டீப் பாத்திரத்தை எடுத்தார், கதவை மூடினார், தண்ணீர் பிடித்தார்.

"சரிம்மா" என்றார். "நாளைக்கு நான் இங்கதானே இருக்கப் போறேன்."